அடிமனையும் குடிக்கூலியும்

(இராயபுரத்தில் பொதுமக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாடகை வீட்டில் வாழ்பவருக்கு வழக்கென்று வரும்போது சட்டம் என்ன பரிகாரம் அளிக்கிறது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். சட்டத்தின் ஷரத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக் காட்டிவிட்டு அமர்ந்துவிடுவது எளிது. ஆனால் இராயபுரத்திலோ, காசிமேட்டிலோ, தண்டையார்பேட்டையிலோ, திருவொற்றியூரிலோ, எண்ணூரிலோ குடியிருக்கும் ஒருவர் அவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு வீடு திரும்பினால், அவற்றுள் தமக்குப் பொருந்துவது எது, பொருந்தாதது எது என்பதை அறியாமலேயே திரும்புவார். ஏனென்றால் இந்த வட்டாரத்தில் வீட்டுக்குள் குடியிருப்பவர் ஒருவராகவும், அந்த வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டவர் மற்றொருவராகவும், அந்த வீடு நிற்கும் மண்ணுக்கு உடையவர் வேறொருவராகவும் இருப்பது சர்வசாதாரணம். மண்ணுக்கு உடையவர் சில இடங்களில் தனி மனிதர். சில இடங்களில் கோயில், தேவாலயம், பள்ளிவாசல். சில இடங்களில் துறைமுகம். சில இடங்களில் சர்க்கார். ஆகையால் இங்கே குடித்தனக்காரர் தமக்குள்ள உரிமை யாது என்று கேட்பதற்கு முன்னால், தம் காலடியில் இருக்கும் மண் யாருடையது என்று கேட்டறிந்தாக வேண்டும். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடைதான், அவர் எந்தச் சட்டத்தை நம்பலாம், எந்த அதிகாரியிடம் மனுச் செய்யலாம், எந்த நியாயஸ்தலத்தின் படியேறலாம் என்பதை நிர்ணயிக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது பெரும்பாலும் இதுவே.

வாடகை என்பது இரண்டு பேருடைய சொந்த விவகாரம், அதில் அரசாங்கம் தலையிட இடமில்லை என்ற கொள்கையே நெடுங்காலம் உலகெங்கும் நிலவி வந்தது. அந்தக் கொள்கையை முதன்முதலில் அசைத்தவர்கள் நம்மைப் போலவே துறைமுகத்தையும் தொழிற்சாலையையும் அண்டிப் பிழைத்த மக்கள்தாம் என்பதை இங்கே நினைவூட்டுவது பொருத்தம். 1915-ஆம் ஆண்டில், முதல் உலக யுத்தம் மூண்டிருந்த சமயத்தில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆயுதச் சாலைகளுக்கும் வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் வந்து குவிய, வீட்டுக்காரர்கள் வாடகையை மேன்மேலும் உயர்த்தினார்கள். கோவன் என்னும் பகுதியில் மேரி பார்பர் என்ற அம்மையார் முன்னின்று பெண்களைத் திரட்ட, உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்தவர்கள் ஏறத்தாழ 20,000 குடும்பத்தார் என்று சொல்லும் அளவுக்கு அந்தக் கிளர்ச்சி பரவியது. நவம்பர் 17-ஆம் தேதியன்று குடித்தனக்காரர் சிலர் மீது வழக்கு விசாரணைக்கு வந்தபோது கப்பல் தளத் தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு நீதிமன்றத்தை நோக்கி ஊர்வலமாக நடந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகையைப் போருக்கு முந்திய அளவிலேயே நிறுத்தி வைத்துச் சட்டம் இயற்றியது. மூன்றாண்டுகளுக்குள், 1918-இல், பம்பாய் மாகாணத்திலும் அதே மாதிரியான யுத்தகால வாடகைச் சட்டம் வந்தது.

சென்னைக்கு அது இரண்டாம் உலக யுத்தத்தின்போது வந்து சேர்ந்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941-இல் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவும், அதற்கு அடுத்த ஆண்டில் கிடங்குகளுக்கென்றே தனியாக ஓர் உத்தரவும் பிறப்பிக்கப்பட்டன. யுத்தம் முடிந்ததும் அந்தத் தற்காலிக உத்தரவுகள் 1946-இல் முறையான சட்டமாயின. 1949-இல் அது திருத்தி எழுதப்பட்டு, 1960-ஆம் ஆண்டின் 18-ஆவது சட்டமாக நிலைபெற்று, ஏறத்தாழ அறுபதாண்டுக் காலம் நம் நகரத்துக் குடித்தனக்காரரின் கவசமாக இருந்தது. அந்த அறுபதாண்டுகளில்தான் எண்ணூரில் மோட்டார் தொழிற்சாலையும் அனல் மின் நிலையமும், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், திருவொற்றியூரில் டயர், மோட்டார் சைக்கிள், தீப்பெட்டித் தொழில்களும் ஓங்கி வளர்ந்தன. ஒரு முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு குடும்பங்கள் ஒரே குழாயையும் ஒரே கழிப்பறையையும் பகிர்ந்துகொள்ளும் ஒண்டுக் குடித்தனங்களும் அவற்றின் நிழலிலேயே பெருகின. அந்தக் குடித்தனங்களில் எழுத்து மூலமான ஒப்பந்தம் என்பது அபூர்வம்; வாய்ச்சொல்லே சாசனம்.

வாய்ச்சொல்லாக இருந்தாலும் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குறையாகக் கருதவில்லை என்பதே அதன் தனிச்சிறப்பு. குடியிருப்பவர் என்று நிரூபித்துவிட்டால் போதும். சட்டம் எண்ணிக் குறித்த காரணங்களில் ஏதேனும் ஒன்று இருந்தாலன்றி அவரை யாரும் வெளியேற்ற முடியாது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தது, சம்மதமின்றி உள்வாடகைக்கு விட்டது, கட்டடத்தைச் சேதப்படுத்தியது, உரிமையாளருக்கே குடியிருக்க வீடு தேவைப்பட்டது என்று அந்தக் காரணங்களை வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒவ்வொன்றாக விசாரித்தாக வேண்டும். வாடகை அதிகம் என்று தோன்றினால் நியாய வாடகையை நிர்ணயிக்கும்படி மனுச் செய்யலாம். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பலாம். அதையும் மறுத்தால் அதிகாரியிடமே கட்டிவிடலாம். அந்த மணியார்டர் ரசீதுகளைத் தகரப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்ததன் பயனாகவே வழக்கில் தப்பித்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் பல உண்டு.

ஆனால் அந்தக் கவசத்திலும் துவாரங்கள் இருந்தன. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கும் குடியிருப்புகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றொரு விதி நெடுநாள் இருந்தது. பண வீக்கத்தால் சாமானியரும் அந்த எல்லையைத் தாண்டிவிட்ட பிறகு, அது பாரபட்சமானது என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. மற்றொரு துவாரம் அடைக்கப்படவேயில்லை. 1976-இல் சர்க்கார் பிறப்பித்த ஓர் உத்தரவினால் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் சமய ஸ்தாபனங்களுக்கும் தரும ஸ்தாபனங்களுக்கும் சொந்தமான கட்டடங்கள் அனைத்தும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. 1985-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் அறக்கட்டளைகளும் தெருவுக்குத் தெரு சொத்து வைத்திருக்கும் இந்தப் பகுதியில் அந்த ஓர் உத்தரவு எத்தனை குடும்பங்களைச் சட்டத்தின் புறத்தே நிறுத்தியது என்பதை நீங்களே ஊகிக்கலாம். தருமத்தின் பெயரால் இயங்கும் ஸ்தாபனத்தின் வீட்டில் குடியிருப்பவருக்குத் தனியார் வீட்டில் குடியிருப்பவரைவிடக் குறைந்த பாதுகாப்பே உண்டு என்ற நிலை எனக்கு ஒருநாளும் நியாயமாகத் தோன்றியதில்லை. அந்த ஸ்தாபனங்கள் கொள்ளையடிக்கப்படாமல் காப்பது அவசியம்தான். அதற்குக் குடியிருப்பவரை நிராயுதபாணியாக்குவது அவசியமில்லை.

அந்தப் பழைய சட்டம் இன்று இல்லை. சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் 42-ஆவது சட்டம், 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி முதல் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள பேதத்தைச் சுருக்கமாகச் சொல்வதானால், பழைய சட்டம் குடியிருப்பு என்ற நிலையைப் பார்த்தது, புதிய சட்டம் ஒப்பந்தம் என்ற காகிதத்தைப் பார்க்கிறது. வாடகை எவ்வளவு, எப்போது உயரும், எத்தனை காலம் குடியிருக்கலாம் என்பதெல்லாம் இப்போது அந்தக் காகிதத்தில் எழுதியபடிதான். அந்தக் காகிதம் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும். துணை ஆட்சியர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஒருவர் அந்த அமைப்பாக இருப்பார். வெளியேற்றும் வழக்கை வாடகை நீதிமன்றமும், அதன்மேல் முறையீட்டை வாடகைத் தீர்ப்பாயமும் விசாரிக்கும். எழுத்து மூலமான ஒப்பந்தம் ஏற்படாமற் போனதையே காரணமாகக் காட்டிக் குடித்தனக்காரரை வெளியேற்றும்படி வீட்டுக்காரர் மனுச் செய்யவும் இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. பாக்கி இல்லை, சேதம் இல்லை, உள்வாடகை இல்லை. முப்பதாண்டு காலம் கிரமமாகக் குடிக்கூலி கொடுத்தவர். காகிதம் மட்டும் இல்லை என்பதற்காக அவர் வீட்டை இழக்கக்கூடும் என்றால், வாய்ச்சொல்லிலேயே வாழ்ந்து பழகிய நம் மக்களுக்கு அதைவிட அபாயகரமான மாறுதல் வேறில்லை.

ஆகையால் தனியார் வீட்டில் குடியிருப்பவர்கள் செய்ய வேண்டிய முதற் காரியம், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வது. "வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாரே, நாங்கள் என்ன செய்வது" என்று கேட்பீர்கள். இருவரும் சேர்ந்து தாக்கல் செய்யத் தவறினால் ஒவ்வொருவரும் தனித்தனியே தம் குடியிருப்பின் விவரங்களை அதிகாரியிடம் தாக்கல் செய்யலாம் என்று சட்டமே சொல்கிறது. அப்படி ஒரு முறை மனு கொடுத்து அதற்கு ஒப்புகைச் சீட்டும் வாங்கி வைத்திருப்பவரைப் பார்த்து, ஒப்பந்தம் செய்ய மறுத்தவர் இவர்தான் என்று பிற்பாடு எவரும் குற்றம் சாட்ட முடியாது. வாடகையைக் கையில் ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வங்கி மூலமாகவோ, கைபேசியில் ஜிபே மூலமாகவோ செலுத்தினால், மாதந்தோறும் ஒரு சாட்சி தானாகவே உருவாகிறது. வீட்டுக்காரர் வாங்க மறுத்தால், அல்லது அவர் காலமாகி, அண்ணன் ஒருபுறமும் தம்பி மறுபுறமுமாக "என்னிடம்தான் கொடுக்க வேண்டும்" என்று வந்து நின்றால், யாருக்குக் கொடுப்பது என்ற மெய்யான சந்தேகத்தின் பேரில் வாடகையை அந்த அதிகாரியிடமே கட்டிவிட வழியுண்டு. "அவர்கள் சண்டை தீரட்டும், பிறகு கொடுக்கிறேன்" என்று பணத்தை வைத்துக்கொண்டிருப்பதே பெரும் ஆபத்து. இரண்டு மாத பாக்கி விழுந்து, கேட்டு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் வட்டியுடன் கட்டாவிட்டால், அதுவே வெளியேற்றத்துக்குக் காரணமாகிவிடும். நோட்டீஸ் வந்த உடனே கட்டிவிட்டால் அந்த முறை தப்பிக்கலாம். வழக்கமாகத் தவறுபவருக்கு அந்தச் சலுகை இராது.

முன்பணத்துக்குச் சட்டம் பொதுவாகக் குறிக்கும் அளவு மூன்று மாத வாடகை. நம் நகரத்திலோ பத்து மாத அட்வான்ஸ் என்பது எழுதாத விதியாக இருக்கிறது. காலி செய்த பிறகு கணக்குத் தீர்த்து ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்ளும் வழக்கத்துக்கு, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலன்றி, ஆதாரமில்லை. குடிவந்த அன்றும் காலி செய்யும் அன்றும் சுவர், குழாய், மின் மீட்டர் ஆகியவற்றைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்பவர்களுக்கு இந்த வழக்கு பெரும்பாலும் வருவதேயில்லை.

இனி, மண் தனியாருடையதல்லாத இடங்களுக்கு வருகிறேன். திருவொற்றியூர்த் தியாகராஜ சுவாமி திருக்கோயில் போன்ற பழம்பெரும் தலங்கள் உள்ள ஊர்களில், அடிமனைக்கு, அதாவது வீட்டின் கீழுள்ள மண்ணுக்கு மட்டும், மாதந்தோறும் ஒரு சிறு தொகையைச் செலுத்திக்கொண்டு, அதன்மேல் தம் சொந்தச் செலவில் வீடு கட்டி, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் குடும்பங்கள் உண்டு. நியாயமான வாடகை கொடுத்துவரும் வரை தம்மை யாரும் எழுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பிறர் மண்ணில் கட்டடம் எழுப்பியவர்களைக் காப்பதற்கென்றே, சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று 1921-இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அந்நாளைய இந்தியாவில் அது ஒரு துணிச்சலான சட்டம் என்றே சொல்வேன். மண்ணுக்குடையவர் காலி செய்யச் சொன்னால், மூன்று மாத அறிவிப்புக் கொடுத்து, கட்டடத்துக்கு நஷ்டஈடு தர முன்வர வேண்டும்; வழக்குத் தொடுத்தால், சம்மன் வந்த ஒரு மாதத்துக்குள் குடியிருப்பவர் நீதிமன்றத்தில் மனுச் செய்து, தமக்கு அவசியமான அளவு மண்ணைத் தமக்கே கிரயம் செய்து கொடுக்கும்படி கேட்கலாம். உத்தரவுக்கு முந்திய மூன்றாண்டுகளின் சராசரிச் சந்தை மதிப்பே விலை, தவணையிலும் கட்டலாம். அடிமனைக்காரருக்கு மண்ணையே சொந்தமாக்கும் இந்த வழியை, ஒரு மாதக் கெடு தெரியாமல் இழந்தவர்கள் ஏராளம். சம்மனை வாங்கி ஜன்னலில் செருகி வைத்துவிட்டு, வாய்தா வந்தபின் வக்கீலைத் தேடுவது நம் வழக்கமாக இருக்கிறது.

அந்தச் சட்டம் குறித்த காலத்துக்கு முன்னால் ஏற்பட்ட மனை வாடகைகளுக்கே பொருந்தும். அதைவிட முக்கியமாக, 1996-இல் வந்த திருத்தத்தால் எல்லாச் சமயத்து ஸ்தாபனங்களின் நிலங்களும் அதிலிருந்து நீக்கப்பட்டன. 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை உறுதி செய்தது. ஆகவே கோயில் அடிமனையில் வீடு கட்டியவருக்கு மண்ணை வாங்கும் பாத்தியதை இன்று இல்லை. அவருக்கு எஞ்சியிருப்பது 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு உட்பட்ட வழிகளே. அந்தச் சட்டத்தின்படி அடிமனை வாடகையை ஒரு குழு நிர்ணயிக்கிறது. மூன்றாண்டுக்கு ஒரு முறை அதை மறுபரிசீலனை செய்கிறது. நிர்ணயித்த தொகை அதிகம் என்று கருதுபவர் 30 நாட்களுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தையும் நாடலாம். வாடகையே கட்டாமல் இருந்துவிட்டால், அவரை ஆக்கிரமிப்பாளராகக் கருதி இணை ஆணையர் நேரடியாக வெளியேற்ற நடவடிக்கை எடுப்பார். "கோயில் நிலம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று பாக்கியைப் பெருக்குவது, தாமே தம் கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொள்வதாகும்.

அதைவிடச் சிக்கலான நிலையில் இருப்பவர், அத்தகைய அடிமனைக்காரர் கட்டிய வீட்டில் ஒரு போர்ஷனுக்கு வாடகை கொடுத்துக் குடியிருப்பவர். அவருக்கும் கோயிலுக்கும் சம்பந்தமேயில்லை. ஆனால் அடிமனைக்காரர் மீது உத்தரவு வந்தால் அவரும் சாமான்களுடன் தெருவுக்கு வர வேண்டியதுதான். அவர் வாடகைக்கு வரும்போதே அடிமனை ரசீதைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவு அன்று. அது அவர் தம் குழந்தைகளுக்குச் செய்யும் கடமை.

துறைமுகத்துக்குச் சொந்தமான இடங்களில் நிலைமை இன்னும் கடுமை. மத்திய சர்க்காரின் அமைப்பாகிய துறைமுகத்தின் நிலத்துக்கு மாநில வாடகைச் சட்டம் பொருந்தாது. பொது இடங்களிலிருந்து அனுமதியற்றவர்களை வெளியேற்றும் 1971-ஆம் ஆண்டுச் சட்டமே அங்கே ஆட்சி செய்கிறது. எஸ்டேட் அதிகாரி ஒருவர் காரணம் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, விசாரித்து, உத்தரவிடுவார். அந்த உத்தரவின் மேல் மாவட்ட நீதிபதியிடம் முறையிடுவதற்குரிய காலம் 12 நாட்களே. ஊழியருக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸில் உள்வாடகைக்கு இருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒதுக்கீடு பெற்றவரிடம் கொடுத்த முன்பணத்தைக் கேட்டு அவர் மீது வழக்குத் தொடுக்கலாமேயன்றி, துறைமுகத்தின் முன் அவர்கள் எந்தப் பாத்தியதையும் கோர முடியாது.

குடிசை மாற்று வாரியம் என்று நாம் அழைத்துப் பழகிய, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பின் அடுக்குமாடிகளில் உள்வாடகைக்கு இருப்பவர்களின் நிலையும் அவ்வாறே. அந்த ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி காலையில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்து மண்ணானதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விரிசலைக் கண்டு குடியிருந்தோர் முன்கூட்டியே வெளியேறியதால் ஓர் உயிரும் போகவில்லை. ஆயினும் வாழ்நாளெல்லாம் சேர்த்த பண்டம் பாத்திரங்கள் ஒரு நொடியில் இடிபாட்டுக்குள் போயின. இத்தகைய வேளைகளில் மாற்று வீடும் நிவாரணமும் ஒதுக்கீட்டுப் பட்டியலில் பெயர் இருப்பவரையே தேடி வரும். ஒதுக்கீடு பெற்றவர் வேறிடம் போய்விட, அவரிடமிருந்து வாடகைக்கு எடுத்துக் குடியிருப்பவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இராது. அவர் வாரியத்தின் கண்ணில் இல்லாத மனிதர். தம் குடும்பம் எங்கே வசிக்கிறது என்பதற்கு ரேஷன் அட்டை, ஆதார், பள்ளிக்கூடச் சான்றிதழ் ஆகியவற்றிலாவது அந்த முகவரி இருக்கும்படி பார்த்துக்கொள்வது அவருக்கு உள்ள ஒரே அரண்.

குடிசைப் பகுதிகளைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. அது போதிய அளவு பரவாமல் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் சட்டத்தின்படி, சர்க்கார் முறையாகக் குடிசைப் பகுதி என்று அறிவித்த இடத்தில் குடியிருப்பவரை வெளியேற்றும்படி வழக்குத் தொடுப்பதற்கும், தொடுத்து வாங்கிய தீர்ப்பை நிறைவேற்றுவதற்கும், குறிப்பிட்ட அதிகாரியின் எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத் தருவதற்கு முன், குடியிருப்பவரின் சக்திக்குட்பட்ட மாற்று வீடு கிடைக்குமா என்பதை அதிகாரி யோசித்தாக வேண்டும். தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அமீனா வந்து நிற்கும் நேரத்திலும், "இது அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதி, அனுமதி எங்கே" என்று கேட்கும் தைரியம் ஒருவருக்கு இருந்தால் அந்த நிறைவேற்றம் நின்றுபோகக்கூடும். தம் தெரு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

மாத வாடகையில்லாமல், லட்சக்கணக்கான ரூபாயை ஒரே தொகையாகக் கொடுத்து வீட்டை "லீஸுக்கு" எடுக்கும் பழக்கம் நம் பகுதியில் பெருகியிருக்கிறது. போக்கியம் என்று நம் பெரியோர்கள் சொன்னதும் இதுவே. மீன் ஏலம் எடுத்து விற்று, நகையை வைத்து, சீட்டுப் பிடித்து, ஐந்து லட்சம் சேர்த்து ஒரு தாய் இப்படி ஒரு வீட்டை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷம் கழித்துப் பணம் திரும்பி வரும் என்பது அவரது நம்பிக்கை. 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய அந்தக் காகிதம் பதிவாகவில்லை. சட்டத்தின் பார்வையில் இத்தகைய ஏற்பாடு பெரும்பாலும் அனுபோக அடமானம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, 100 ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் பதிவு செய்யப்பட்டே தீர வேண்டும். பதிவு செய்திருந்தால், பணம் திரும்பும் வரை வீட்டைத் தம் சுவாதீனத்திலேயே வைத்திருக்கும் உரிமை அவருக்கு உண்டு. அது வில்லங்கச் சான்றிதழிலும் பதிவாகி, பிறகு வீட்டை வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். பதிவில்லையென்றால் அவர் வெறும் கடன் கொடுத்தவர்; பணத்துக்காக மூன்றாண்டுகளுக்குள் வழக்குப் போடலாம், அவ்வளவே.

இதற்கிடையில் அந்த வீட்டின் மீது வங்கியில் கடன் இருந்தால் நேர்வது மிகவும் பரிதாபமானது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால், நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்காமலேயே அடமானச் சொத்தைக் கைப்பற்றி ஏலம் விடும் அதிகாரம் வங்கிகளுக்கு வழங்கப்பட்டிருக்கிறது. ஒரு நாள் கதவில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். அன்றுதான் அந்தத் தாய்க்கு வீட்டின் மேல் கடன் இருந்ததே தெரிகிறது. 2016-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பயனாக, குடியிருப்பவரும் கடன் வசூல் தீர்ப்பாயத்தில், நடவடிக்கை நடந்த 45 நாட்களுக்குள், தம் குத்தகை உரிமையை எடுத்துரைத்து மனுச் செய்யலாம். ஆனால் அடமானத்துக்கு முன்னரே ஏற்பட்டதும், எழுத்தும் பதிவும் உடையதுமான குத்தகைக்கே அங்கே மதிப்பு அதிகம். வாய்ச்சொல்லுக்கும் பதிவில்லாத தாளுக்கும் நீதிமன்றங்கள் தரும் பாதுகாப்பு மிகக் குறைவு. ஆகையால் லீஸுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால், இராயபுரம் அல்லது திருவொற்றியூர் சார்பதிவாளர் அலுவலகத்திலோ இணையத்திலோ வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்து, மூலப் பத்திரத்தின் அசல் வீட்டுக்காரர் கையில் இருக்கிறதா என்பதையும் கேட்டறியுங்கள். அசல் கையில் இல்லை, "லாக்கரில் இருக்கிறது" என்று சொன்னால், அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருங்கள். இந்த ஒரு விஷயத்தை வலியுறுத்துவதற்காகவே இன்றைக்கு நான் இங்கே வந்ததாக எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

வழக்கு முற்றிய வேளையில் வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதும், வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவதும், சாமான்களைத் தெருவில் வைப்பதும் நடக்கின்றன. காவல் நிலையத்துக்குப் போனால் "இது சிவில் விஷயம்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வாடகை அதிகார அமைப்பிடம் மனுச் செய்தால் அவற்றை உடனே திரும்பக் கொடுக்கும்படி அது இடைக்கால உத்தரவு பிறப்பிக்கலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் ஓர் அருமையான வழியைத் திறந்து வைத்திருக்கிறது. வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குத் தொடுத்தால், வீடு யாருடையது என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையாமலே, சட்டத்தை விட்டு விலகி அவரை வெளியேற்றியது ஒன்றையே பார்த்து, சுவாதீனத்தைத் திரும்ப அளிக்கும். சர்க்கார் மீது மட்டும் இந்த வழக்குக் கிடையாது. குத்தகைக் காலம் முடிந்து போனவரைக்கூடச் சட்ட வழியிலன்றி வெளியேற்றக்கூடாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் உறுதிபடச் சொல்லியிருக்கிறது. பூட்டை உடைப்பதும் மிரட்டுவதும் குற்றவியல் சட்டத்திலும் அடங்கும் என்பதால், எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து அதற்குரிய ரசீதை வாங்காமல் காவல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தபோது, சுவரெல்லாம் கறுத்துப் போன வீட்டுக்கும் முழு வாடகை கொடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. வெள்ளத்தாலோ தீயாலோ வீடு அடியோடு அழிந்தால், அல்லது குடியிருக்க நிரந்தரமாகத் தகுதியற்றுப் போனால், குத்தகையை முறித்துக்கொள்ளும் உரிமையைச் சொத்து மாற்றச் சட்டம் குடியிருப்பவர் கையிலேயே கொடுத்திருக்கிறது. முறித்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்காமல் தங்கிக்கொண்டே வாடகையை நிறுத்துவதற்கு அது இடம் தருவதில்லை.

இவ்வளவுக்கும் வக்கீல் வைக்கப் பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அமைப்புகள் சட்டப்படி, பெண்கள் எவரும், வருமானத்தைக் கணக்கிடாமலே, இலவசமாக வக்கீலைப் பெறலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், வெள்ளம் முதலிய பேரழிவால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கும் அந்த உரிமை உண்டு; தொழிற்சாலைத் தொழிலாளிகளும் அந்தப் பட்டியலில் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். எண்ணூரிலும் மணலியிலும் ஆலை வேலை செய்பவர்கள் இதை அறியாமல், சட்ட உதவி என்பது பரம ஏழைக்கு மட்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது. 15100 என்ற எண்ணைக் கைபேசியில் அழுத்தினால் போதும்.

கடைசியாக அரசாங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஒப்பந்தம் பதிவானால்தான் பாதுகாப்பு என்று சட்டத்தை எழுதியவர்கள், பதிவு செய்யும் அலுவலகத்தை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஷிப்டு முடித்து வரும் தொழிலாளியும், விடியலுக்கு முன்னே காசிமேட்டுக்குப் போய்ப் பிற்பகலில் திரும்பும் பெண்ணும், ஒரு நாள் கூலியை இழந்து பஸ்ஸும் ரயிலும் மாறி அலுவலகத்தின் வாசலில் நிற்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வாடகை அதிகார அமைப்பு வாரத்துக்கு ஒரு நாளாவது, மாலை நேரத்தில், திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் முகாம் இட்டு அமர வேண்டும். விண்ணப்பப் படிவம் தமிழிலும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வரிசை வீடுகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்காக அவர்களுடைய பாஷைகளிலும் கிடைக்க வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட மறுத்ததைக் குடித்தனக்காரர் தெரிவித்தால் அங்கேயே அப்போதே ஒப்புகைச் சீட்டு வழங்க வேண்டும். சமய ஸ்தாபனங்களின் இடங்களில் குடியிருப்போருக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் குறைந்தபட்சப் பாதுகாப்பாவது விரிய வேண்டும். இவற்றைக் கோரும் மனு ஒன்று எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கையெழுத்திட விரும்புகிறவர்கள் மேடைக்கு இடப்புறம் உள்ள மேஜைக்கு வரலாம்.